பாதரசமும் மேகியும்

நண்பர்களே, கம்பெனிகளைக் கேள்வி கேட்கும்போதும் நியாயமாகக் கேட்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். மேடை ஏறுவதற்கு முன்பே ஒரு தம்பி மடக்கிவிட்டார். "கெட்ட பேர் எடுத்த கம்பெனிகிட்ட போய் என்ன சார் நியாயம் பார்க்கணும்? அவங்ககிட்ட வக்கீல் இருக்காங்க, விளம்பரம் இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது வாய் மட்டும்தானே?" கேள்வி நல்ல கேள்விதான்.

2015 ஜூன் ஞாபகம் இருக்கிறதா? மேகியில் ஈயம் என்று ஊரே அலறியது. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு மாதிரியில், 2.5 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு) இருக்க வேண்டிய ஈயம் 17.2 இருந்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாடு அரசு தடை போட்டது, அடுத்து நாடு முழுக்கத் தடை. நானும் வீட்டிலிருந்த பாக்கெட்டுகளை வீரமாகக் குப்பையில் போட்டேன். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை, மேகி தயாரிக்கும் நெஸ்லே கம்பெனியின் தரப்பை முறையாகக் கேட்கவும் இல்லை என்றது. மறுபடி சோதித்தார்கள், ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் மேகி கடைக்கு வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. இத்தனைக்கும் தொடக்கம், பாக்கெட்டில் அச்சடித்திருந்த 'எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை' என்ற வரி. எம்எஸ்ஜி என்றால் அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் சுவையூட்டி, குளுட்டமேட்டின் உப்பு. நாங்கள் சேர்க்கவில்லை, மூலப்பொருளிலேயே குளுட்டமேட் இயல்பாக இருக்கிறது என்றது கம்பெனி. அப்படியானால் அந்த வரி யாரை நம்பவைக்க? உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஈயக் கூச்சலில் அது அமுங்கியே போனது. பொத்தாம்பொதுவாகத் திட்டினோம், அவர்கள் பொத்தாம்பொதுவாகவே தப்பித்தார்கள்.

அப்புறம் கொடைக்கானலைப் பாருங்கள். பிரிட்டனில் தலைமையகம் உள்ள யூனிலீவரின் இந்தியக் கம்பெனியான இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை. 2001 மார்ச்சில் அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி குவிந்து கிடந்தது, பாதரசத்தோடு. ஊர்க்காரர்களும் ஆலையில் வேலை பார்த்தவர்களும் 'முதலாளித்துவம் ஒழிக' என்று மட்டும் கத்திவிட்டுப் போயிருந்தால், கம்பெனி ஒரு அறிக்கையோடு முடித்திருக்கும். அவர்கள் அந்தக் கடையைக் காட்டினார்கள். கழிவு எங்கிருந்து வந்தது, யார் விற்றது என்று கேட்டார்கள். ஆலை மூடியது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. 2016-இல், பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாகச் சொன்ன 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து வருஷம்! தாமதத்தை நான் மன்னிக்கச் சொல்லவில்லை.

தம்பி, நான் கேட்கும் நியாயம் கம்பெனிக்குக் காட்டும் கருணை இல்லை. நம் கையில் இருக்கும் கத்தியைத் தீட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கொடைக்கானல்காரர்கள் அதோடும் விடவில்லை. ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும்போது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று பேச்சு வந்தது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த ஆலை பிரிட்டன்ல இருந்தா இப்படி விடுவீங்களா?"