குல்மோகர் விழுந்த திசை

மேடையில் இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மைக் செட் தந்த டீக்கடை அண்ணன் அவர்களே, சுண்டலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த வருஷம் அதற்குப் பதில் ஒரு புங்கங்கன்று கொடுங்கள்.

புயல் என்றால் காற்று, தண்ணீர், கரண்ட் என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். சரி, காற்றிலிருந்து வருகிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா. பாகிஸ்தான் வைத்த பெயர், ரோஜா என்று அர்த்தம். அந்த ரோஜா மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது. காலையிலிருந்து வடக்கே இருந்து காற்று, எங்கள் வாசல் குல்மோகர் தெற்கே சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. பிற்பகலில் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. எதிர்வீட்டு மாமா வெளியே வந்து, "முடிஞ்சுது சார்!" என்றார். மாமி உள்ளே இருந்து கத்துகிறார், மாமா கேட்கவில்லை. மரம் விழுந்தால் தெற்கேதான் விழும் என்று கணக்குப் போட்டு, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய் மரத்துக்கு வடக்கே நிறுத்தினார், அதற்கு மேல் ஒரு தார்ப்பாய் வேறு. நாங்களும் "நல்ல யோசனை மாமா" என்றோம். அது புயலின் கண், அதாவது புயலுக்கு நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் இடம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கண் கடந்ததும் காற்று தெற்கே இருந்து திரும்பி வந்தது. மரம் வடக்கே விழுந்தது. தார்ப்பாய் மட்டும் கிழியவில்லை.

மறுநாள் வேரைப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. ஒரு பக்கம் கேபிளுக்குத் தோண்டி வெட்டியிருந்தார்கள், மறுபக்கம் அடிமரம் வரைக்கும் சிமெண்ட். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், அதை மட்டும் குறை சொல்லி என்ன பயன், வேர் இறங்க நாம் எங்கே இடம் விட்டோம்? அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். இரண்டு வீடு தள்ளி மண்ணில் நின்ற புங்கமரம் நாலு கிளையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றது.

கரண்ட் ஐந்து நாள் இல்லை. மோட்டார் ஓடாது, ஏடிஎம் செத்துக் கிடக்கிறது, பழைய 500, 1000 செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மெழுகுவத்தியைக் கடனுக்கு வாங்கினேன். அதை விடுங்கள்.

தண்ணீர், அதாவது 2023 மிக்ஜாம், வேளச்சேரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம்... துண்டுச்சீட்டு வந்துவிட்டது, தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். அப்புறம் பேசலாம். மரத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

நம் தெருவில் 14 மரங்கள் கழுத்து வரை சிமெண்டில் நிற்கின்றன. மறுபடியும் சொல்கிறேன், அகல உழுவதைவிட ஆழ உழு. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மீட்டர் உடைத்து மண் போட வேண்டும். அம்மா அவர்கள் மாநகராட்சியில் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கித் தரவேண்டும், இல்லையென்றால் எங்களைத்தான் பிடிப்பார்கள். ஞாயிறு காலை ஏழு மணி. கடப்பாரை இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், மாமா இரண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.