412 பதிவுகளும் ஒரு நாலரை பிட்காயினும்

வணக்கம் மக்களே. மின்விசிறிச் சத்தம் மைக்கில் ஏறுகிறது என்று போன தடவை எல்லோரும் திட்டினீர்கள். அதனால் நிறுத்திவிட்டு, மடிப்பாக்கத்துப் புழுக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். மூஞ்சி பளபளப்பது மேக்கப் இல்லை, வேர்வை.

செவ்வாய்க்கிழமை ஆடிட்டர் சார் போன் செய்தார். "ஏம்மா, இந்த பிட்காயினை எல்லாம் வெறும் 1,700 ரூபாய்க்கு வாங்கி 1,80,000 ரூபாய்க்கு வித்திருக்கியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கியதெல்லாம் யுஎஸ்டிடி கொடுத்து, அதாவது டாலர் மதிப்பை ஒட்டியே ஓடும் ஒரு கிரிப்டோ காயின். விற்றது மட்டும் ரூபாய்க்கு. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை என் கணக்கு மென்பொருளில் ஏற்றியபோது, 90 யுஎஸ்டிடி என்று இருந்ததை அது 90 ரூபாய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, 412 பதிவுகள்.

கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். கழித்துக்கொள்ள விடுவது வாங்கிய விலையை மட்டும்தான். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், இன்டர்நெட் பில், என் தலைவலி மாத்திரை எதுவும் செல்லாது. ஒரு காயினில் நஷ்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் நேர் செய்யவும் முடியாது. அந்த ஒரே விலையும் தப்பாக இருந்தால்? நியாயமாகச் சுமார் 9,000 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 53,000 ரூபாய் காட்டியது. செஸ் தனி.

சரி, எல்லாவற்றையும் தேர்வு செய்து பல்க் எடிட் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். போட்டேன். வகையை மாற்றலாம், குறிப்பை மாற்றலாம், லேபிள் ஒட்டலாம், லேபிளுக்குக் கலர்கூட மாற்றலாம். மதிப்பை மட்டும் மாற்ற முடியாது! அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. ஆனால் அதே 412 பதிவுகளையும் ஒரே அமுக்கில் அழிக்க விடுகிறது. திருத்தினால் ஆபத்து, அழித்தால் ஆபத்து இல்லையா? மென்பொருளின் பெயரைச் சொல்ல மாட்டேன், கமென்டில் யூகிக்கவும் வேண்டாம்.

காரணம் புரியாமல் இல்லை. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொன்றில் வரவு விழ வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் ஐந்தொகை கோணிக்கொள்ளும். அப்புறம் எண்ணிக்கை, விலை, மதிப்பு என்று மூன்று இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டில் எதை மாற்றுவது என்று அதற்குக் குழப்பம். கேட்டுவிட்டுச் செய்யலாமே?

முதல் நாள் ராத்திரி கையாலேயே 37 பதிவுகளைத் திருத்தினேன். ஒவ்வொன்றுக்கும் நாலு கிளிக். கிரிப்டோவுக்கென்றே இருக்கும் ஒரு சேவை வருடத்துக்கு 4,999 ரூபாய் கேட்டது. என்னைத் தெரியும் இல்லையா? ரிச்சி தெருவில் 250 ரூபாய் ட்ரைபாடுக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசியவள். 4,999!

அதனால் புதன்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்து எக்ஸெலில் திருத்தலாம் என்று இறங்கினேன். ஒரு யுஎஸ்டிடி 88 ரூபாய் என்று வைத்து எல்லாவற்றையும் 88-ஆல் பெருக்கினால் போதாது. அன்றன்றைக்கு நான் யுஎஸ்டிடி வாங்கிய விலை வேறு வேறு. அதனால் தேதிவாரியாக இன்னொரு ஷீட் போட்டு, அந்தந்தத் தேதியின் விலையைத் தேடி எடுக்கும் விலுக்கப் ஃபார்முலா வைத்து இழுத்தேன். அழகாக வந்தது. பழைய 412-ஐ அழித்தேன், புதியதை ஏற்றினேன்.

பார்த்தால் ஒரே பதிவில் நாலரை பிட்காயின்!

0.00004512 என்று இருந்த எண்ணை எக்ஸெல் 4.512இ-05 என்று சுருக்கியிருக்கிறது, அதாவது புள்ளியை ஐந்து இடம் இடப்பக்கம் தள்ளு என்று அர்த்தம். மென்பொருள் அந்த 'இ'யைப் பார்த்ததும் மிச்சத்தை விட்டுவிட்டு 4.512 என்று படித்திருக்கிறது. பத்து நிமிடம் நான் கோடீஸ்வரி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இருக்கட்டும், முதல்ல தண்ணி லாரிக்குக் காசு குடு" என்றார்.

இதற்கு மருந்து சுலபம். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்ஸெலுக்குள் போய் இறக்குமதி செய்து, எண்ணிக்கை இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். பிட்காயினுக்கு எட்டு தசம இடம். கடைசி இடம்தான் ஒரு சடோஷி, பத்துக் கோடியில் ஒரு பங்கு. அதில் கை வைக்க எக்ஸெலுக்கு உரிமை கிடையாது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் பேக்கப் எடுத்தேன். எடுக்காமல் யாரும் இதைச் செய்யாதீர்கள்.

மறுபடி ஏற்றினால் 411. ஒன்றைக் காணோம். இதற்கு மட்டும் வியாழக்கிழமை முழுதும் போனது, இரண்டு காபி ஆறிப்போனது. கடைசியில், ஒரே நிமிடத்தில் ஒரே தொகைக்கு நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். நகல் என்று நினைத்து மென்பொருள் ஒன்றைத் தள்ளிவிட்டது. பரிவர்த்தனை எண்ணையும் ஒரு பத்தியாகச் சேர்த்து ஏற்றினேன், 412. வித்தியாசம் 0.00. கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இன்னொன்று. எக்ஸ்சேஞ்சின் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னால். மார்ச் 31 ராத்திரி 8.10 என்று இருந்த ஒரு விற்பனை, மடிப்பாக்கத்தில் ஏப்ரல் 1 விடியற்காலை 1.40. அடுத்த நிதியாண்டுக்குப் போய்விட்டது! ஆடிட்டர் சாரிடம் சொன்னதும் முதல்முறையாகப் பாராட்டினார்.

அடுத்த மூச்சிலேயே, "யுஎஸ்டிடியும் விடிஏ, அதாவது வரி போடுற டிஜிட்டல் சொத்துதானேம்மா, அதைக் கொடுத்து பிட்காயின் வாங்கினதும் ஒரு விற்பனைதான், அந்த வரிசையைத் தனியா அனுப்பு" என்றார். அதாவது இன்னொரு 412.

இப்போதைக்கு மின்விசிறியைப் போடப் போகிறேன்.