நடுப்பட்டனைத் தொடாமல் ஃப்ரீகேட்: எங்கள் பட்டறையின் மவுஸ் செட்டிங்

வணக்கம். கிருஷ்ணகிரியில் எங்கள் லேத் பட்டறையின் மாடியிலிருந்து பேசுகிறேன். கீழே மெஷின் ஓடுகிறது, சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் கம்பெனிகளுக்கான ஜாப் ஒர்க்தான் எங்களுக்கு அதிகம். டிராயிங் வந்ததும் அதை ஃப்ரீகேட் என்ற 3டி வரைபட மென்பொருளில் வரைந்து அப்பாவிடம் காட்டுவது என் வேலை. பட்டறை கம்ப்யூட்டரில் விண்டோஸ், என் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். ஃப்ரீகேட் இரண்டிலும் ஓடும், மேக்கிலும் ஓடும், காசும் கிடையாது. ஆனால் ஆறு மாதத்தில் எனக்கு வலது ஆள்காட்டி விரலும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிட்டன. காரணம் மவுஸின் நடுப்பட்டன், அதாவது அழுத்தினால் பட்டனாகவும் வேலை செய்யும் அந்த உருளைச் சக்கரம்.

ஃப்ரீகேட்டை நிறுவியதும் வருவது 'கேட்' என்ற மவுஸ் முறை. அதில் படத்தை நகர்த்த உருளைச் சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுக்க வேண்டும். சுழற்ற, சக்கரத்தோடு சேர்த்து இடது பட்டனையும் பிடிக்க வேண்டும். விலை குறைந்த மவுஸில் அந்தச் சக்கரம் கல்லு மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒரு பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை மாற்றுவதற்கு அரை நிமிடம் போதும். திரையின் கீழே வலது மூலையில், முறையின் பெயர் இருக்கிற சின்ன பட்டனை அழுத்துங்கள். ஒரு பட்டியல் விரியும். பிளெண்டர் என்ற இன்னொரு 3டி மென்பொருளில் பழகியவர்களுக்கு 'பிளெண்டர்' என்றே ஒன்று உண்டு, டச்பேட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. நான் எடுத்தது 'ஜெஸ்ச்சர்'. இடது பட்டனைப் பிடித்து இழுத்தால் சுழலும், வலது பட்டனைப் பிடித்து இழுத்தால் நகரும், சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும், சிறிதாகும். சக்கரத்தை அழுத்தும் வேலையே இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்கெட்ச், அதாவது பாகத்தின் தட்டையான கோட்டுப்படம், வரையும்போது இடது பட்டன் கோடுகளைப் பிடித்து இழுக்கத் தேவைப்படும், அதனால் அங்கே சுழலாது. கீபோர்டில் ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். விண்டோஸில் அது சரியாக நடந்தது. மின்ட்டில் அதையே செய்தால் ஃப்ரீகேட் ஜன்னல் முழுதாக நகர்ந்து போனது! மென்பொருளில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். ஆல்ட்டோடு இழுத்தால் ஜன்னலை நகர்த்துவது மின்ட்டின் வழக்கம். சிஸ்டம் செட்டிங்கில் ஜன்னல்களுக்கான பகுதிக்குப் போய் அந்தச் சாவியை சூப்பருக்கு மாற்றினேன், அதாவது விண்டோஸ் சின்னம் போட்ட சாவி. அவ்வளவுதான். பிளெண்டரில் மூன்று பட்டன் மவுஸைப் போலியாக உருவாக்கும் வசதியும் ஆல்ட்டைத்தான் கேட்கும், அங்கும் இதே சிக்கல் வரும்.

பிளெண்டரில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்பலகை இல்லாத லேப்டாப் என்றால் பிரிஃபரன்ஸில் இன்புட் பகுதியில் 'எமுலேட் நம்பேட்' என்பதை டிக் செய்யுங்கள். மேல் வரிசை 1, 3, 7 எண்களிலேயே முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். அவருக்கு நொட்டாங்கைப் பழக்கம். இத்தனை வருஷம் லேத் ஓட்டியும், என் கம்ப்யூட்டரில் மட்டும் கை வைக்க மாட்டார். நான் சுழற்றிக் காட்ட அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். எனக்கு அது மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் பாகத்தை எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் முதலில் கடைய வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். போன வாரம் விண்டோஸ் செட்டிங்கில் மவுஸ் பகுதிக்குப் போய் முதன்மைப் பட்டனை வலதுக்கு மாற்றி, மவுஸை இடப்பக்கம் வைத்தேன். ஃப்ரீகேட்டில் எதையும் தொடவில்லை, சிஸ்டத்தில் மாற்றினால் எல்லா மென்பொருளும் கேட்கும். இப்போது அவருடைய இடது ஆள்காட்டி விரலில் சுழற்றல் வந்துவிட்டது.

ஃபிளாஞ்ச் ஒன்றை, அதாவது போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டை, அவரே திருப்பித் திருப்பி ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு, "இந்த ஓட்டை ஓரத்துக்கு ரொம்பக் கிட்டப் போகுதுப்பா, டிரில் உடையும், கம்பெனியில் கேளு" என்றார். அந்த டிராயிங்கை மூன்று நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண்ணில் படவில்லை. கேட்டேன், மாற்றித் தந்திருக்கிறார்கள். இதோ, திரையில் தெரிவது அந்தப் புது அளவுதான்.