கூரை போட்ட தெருக்கள்: ஒசாகாவின் கடைவீதிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒசாகாக்காரர் ஒருவரிடம் "உங்கள் சட்டை நன்றாக இருக்கிறதே" என்று சொல்லிப் பாருங்கள். நன்றி வருகிறதோ இல்லையோ, அதை எவ்வளவு மலிவாக வாங்கினார் என்ற விவரம் உடனே வந்துவிடும். டோக்கியோக்காரர் அதிக விலை கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வார், ஒசாகாக்காரர் குறைந்த விலைக்கு வாங்கியதைப் பெருமையாகச் சொல்வார் என்று ஜப்பானியர்களே கேலி பேசிக்கொள்வார்கள்.

அது வணிகர்களின் ஊர். எடோ காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் அரிசி ஒசாகாவில்தான் வந்து குவிந்தது. கைக்கு வராத அரிசியையே முன்கூட்டி விலை பேசி விற்கும் டோஜிமா சந்தைக்கு 1730-லேயே அரசு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் எந்தத் தெருவில் கடைக்குப் போவது என்பதுதான் இன்று என் பேச்சு.

சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாம் உங்களை முதலில் ஷின்சாய்பாஷிக்குத்தான் அனுப்பும். போய்ப் பாருங்கள், தவறில்லை. ஏறக்குறைய 600 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட தெரு. 1726-லிருந்து அங்கே கடை நடத்தும் டைமாரு பேரங்காடி இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வோரிஸ் வடிவமைத்து 1933-ல் முடிந்த பழைய கட்டடத்தை இடித்து, அதன் முகப்பைக் காப்பாற்றி, 2019-ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். தெருவின் தெற்கு முனையில் எபிசுபாஷி பாலம். கீழே ஓடுவது 1615-ல் வெட்டி முடித்த டோட்டோன்போரி கால்வாய். கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓட்டக்காரரைக் காட்டும், கிளிகோ மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரப் பலகை அங்கேதான். அவர் 1935-லிருந்து ஓடுகிறார். இப்போது நிற்பது 2014-ல் வைத்த ஆறாவது பலகை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், கிளம்புங்கள். அந்தத் தெருவில் உள்ள மருந்துக்கடையும் காலணிக்கடையும் ஜப்பானின் எந்தப் பெருநகரத்திலும் கிடைக்கும்.

பக்கத்திலேயே இணையாக ஓடுகிறது மிடோசுஜி பெருஞ்சாலை. ஆறு மீட்டர் அகலத்தில் கிடந்த குறுகிய தெருவை 44 மீட்டராக அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் கிங்கோ மரம் வைத்து, அடியில் சுரங்க ரயிலும் ஓட்டினார்கள். 1937-ல் சாலை வேலை முடிந்தது. "இதனால் உன் நிலத்தின் மதிப்பு ஏறுகிறது, நீயும் ஒரு பங்கு கட்டு" என்று இருபுறமும் இருந்த நில உரிமையாளர்களிடமே பணம் வசூலித்தார்கள். வணிகர் ஊரில் அப்போது எவ்வளவு முணுமுணுப்பு எழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! இன்று அங்கே ஐரோப்பியக் கைப்பைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. நமக்கு அங்கே வேலை இல்லை.

சரி, நமக்கு வேலை இருக்கும் இடம் எது? ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கும் இடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முன்கூடையில் முள்ளங்கி நீட்டிக்கொண்டிருக்க, ஒரு பாட்டி வருகிறாரா? சைக்கிளின் கைப்பிடியில் குடை மாட்டும் கம்பியும் இருந்தால் அவர் அசல் ஒசாகாப் பாட்டிதான். பேச்சுக் கொடுத்தால் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டுவார். அந்தப் பாட்டி வரும் தெருவைத்தான் நல்ல கடைத்தெரு என்பேன்.

அத்தகைய தெருக்களில் முதலிடம் தென்ஜின்பாஷி-சுஜிக்கு. நீளம் 2.6 கிலோமீட்டர். கடைகள் சுமார் 600. ஜப்பானிலேயே நீளமான கடைத்தெரு என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வடக்கு முனையிலிருந்து தொடங்குவது வசதி. தென்ஜின்பாஷி-சுஜி ஆறாம் வட்டாரம் என்ற ரயில் நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் மேல்மாடிகளில் ஒசாகாவின் வீடும் வாழ்வும் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1830-களின் ஒசாகாத் தெரு ஒன்றை அசல் அளவிலேயே அதற்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடை, துணிக்கடை, பொதுக் குளியலறை, பின்சந்தில் ஏழைகளின் ஒண்டுக்குடித்தனம் எல்லாம் உண்டு. விடிவதும் இருட்டுவதும் விளக்கிலேயே நடக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி இன்றைய தெருவில் நடந்தால், முகப்பைக் கடையாகவும் உள்ளே வீடாகவும் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படும்.

தெற்கு நோக்கி நடக்க நடக்க வட்டார எண் ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கிக்கொண்டே வரும். பழக்கடை, காலுறைக் கடை, பழைய புத்தகக் கடை, தேயிலை வறுக்கும் வாசனை, கண்ணாடிக் கடை, நாற்பது வருடமாக நாற்காலியை மாற்றாதது போன்ற காபிக் கடை. இங்கே சிறுத்தைப் புள்ளி போட்ட மேல்சட்டைகளும் தொங்கும். ஒசாகாவின் நடுவயதுப் பெண்களுக்கு அதில் தனி மோகம் என்று நாடே சிரிக்கும். அவர்கள் கவலைப்படுவதில்லை. வழியில் தெம்மா நிலையம் வரும். அந்தப் பக்கத்துச் சந்துகளில் நின்றபடியே குடிக்கும் கடைகள் அதிகம். தெம்மாவின் காய்கறிச் சந்தை 1653-லிருந்து 1931-ல் நகரத்தின் மையச் சந்தை வரும்வரை நடந்தது. தென்ஜின்பாஷி-சுஜி வளர்ந்ததும் அந்தச் சந்தைக்கும் கோயிலுக்கும் வந்துபோன கூட்டத்தை நம்பித்தான்.

அந்தக் கோயிலின் பெயர் தென்மங்கு. 949-ல் நிறுவப்பட்டது என்பது அதன் வரலாறு. கல்வித் தெய்வமாக வணங்கப்படும் சுகவரா நோ மிச்சிசானேயின் கோயில், அதனால் தேர்வு நேரத்தில் மாணவர் கூட்டம். ஜூலை 24, 25-ல் தென்ஜின் திருவிழா. ஆற்றில் படகுகள், வானவேடிக்கை, தெருவில் நகர முடியாத நெரிசல். கோயிலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடி ஒற்றை ஆள் கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் ரக்குகோ கலைக்கு ஓர் அரங்கம். 2006-ல் ஊர்மக்களின் நன்கொடையில் கட்டினார்கள். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் விளக்குக் கூடுகளில் எழுதித் தொங்குகின்றன.

இந்தத் தெருக்களுக்குக் கூரை போட்டது யார், பழுது பார்ப்பது யார் என்று வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. கடைக்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். தென்ஜின்பாஷி-சுஜியில் வட்டாரத்துக்கு வட்டாரம் தனிச் சங்கம். அதனால்தான் நடந்துகொண்டே போகும்போது கூரையின் அலங்காரம் மாறுகிறது. ஓரிடத்தில் கோயில் வாசல் வடிவங்கள் தொங்கும், இன்னோரிடத்தில் திருவிழா பொம்மைகள் மேலிருந்து பார்க்கும். சந்தா வசூல், விளக்கு, துப்புரவு, பண்டிகைத் தோரணம், கூரைப் பழுது எல்லாம் சங்கத்தின் தலையில். ஒரு கடை மூடினால் ஒரு சந்தா போச்சு. பத்துக் கடை மூடினால் கூரைக்குச் சாயம் அடிக்கக் காசு இருக்காது.

ஜப்பானின் சிறு நகரங்களில் அப்படித்தான் நடந்தது. 1974-ல் நடைமுறைக்கு வந்த பெருங்கடைச் சட்டத்தின்படி, பெரிய கடை திறக்க வேண்டுமானால் உள்ளூர் வியாபாரிகளோடு பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. 1990-களில் அமெரிக்காவின் நெருக்குதலால் அதைத் தளர்த்தி, 2000-ல் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். ஊருக்கு வெளியே கார் நிறுத்தும் மைதானத்தோடு பேரங்காடிகள் முளைத்தன. பழைய தெருக்களில் இரும்புக் கதவுகள் இறங்கின. ஒசாகாவின் நடுவில் உள்ள தெருக்கள் பிழைத்ததற்குக் காரணம் எளிது: சுற்றிலும் நெருக்கமாக ஜனம் குடியிருக்கிறது, சில நூறு மீட்டருக்கு ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, காரே வேண்டாம்.

அப்புறம், நம்பா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள டோகுயாசுஜி. எனக்கு மிகப் பிடித்த தெரு இதுதான். நீளம் வெறும் 150 மீட்டர். உணவகம் வைப்பவர்களுக்கு வேண்டிய சாமான் மட்டுமே விற்கும் தெரு. கிண்ணம், கரண்டி, சிவப்புக் காகித விளக்கு, வாசலில் தொங்கவிடும் துணித் திரை, பானை, நாற்காலி, விலைப்பட்டியல் பலகை. காலையில் வெறுங்கையோடு போனால் மாலைக்குள் ஓர் உணவகத்துக்கான சாமான் முழுவதையும் வாங்கிவிடலாம், சமையல்காரர் மட்டும் கிடைக்கமாட்டார். அரைக்கோளக் குழிகள் வரிசையாக இருக்கும் வார்ப்பிரும்புத் தட்டுகளைப் பார்த்ததும் பணியாரக் கல் ஞாபகம் வரும். டாக்கோயாக்கி செய்யும் கல் அது. மாவுக்குள் ஆக்டோபஸ் துண்டு போட்டு, கூர்முனைக் கம்பியால் திருப்பித் திருப்பி உருட்டி எடுப்பார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் போலி உணவும் இங்கே கிடைக்கும். முன்பு மெழுகில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். குஜோ ஊர்க்காரரான இவாசாக்கி தாக்கிசோ இதை ஒரு தொழிலாகத் தொடங்கியது 1932-ல், இதே ஒசாகாவில்தான். நுரை பொங்கும் பீர் குவளையும், நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும் குச்சியும் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். விலையைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும், ஏனென்றால் நல்ல வேலைப்பாடு உள்ளவை கையால் செய்யப்படுகின்றன.

கத்திக் கடையில் கொஞ்சம் நில்லுங்கள். ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டியே இருக்கும் சக்காய் ஊர்தான் ஜப்பானிய சமையல்காரர்கள் விரும்பும் கத்திகளுக்குப் பேர்போனது. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். மீன் அறுக்கும் பாரம்பரியக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை. கத்தியை வாங்கினால் பல கடைகளில் உங்கள் பெயரை அலகில் செதுக்கித் தருவார்கள். கடைக்காரர் சிறு உளியை ஒரு கையிலும் குட்டிச் சுத்தியலை இன்னொரு கையிலும் பிடித்து, டக் டக் என்று தட்டிக்கொண்டே போவார். பென்சிலால் கோடுகூடப் போடமாட்டார். இரண்டு நிமிடத்தில் பெயர் ஜப்பானிய எழுத்தில் எஃகில் நிற்கும். இந்தத் தெருவில் மாலை ஆறு மணிக்கெல்லாம் கடையடைக்க ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் காலையிலேயே போங்கள்.

அங்கிருந்து நடை தூரம்தான் குரோமோன் சந்தை. "ஒசாகாவின் சமையலறை" என்று பெயர் வாங்கியது. உணவகச் சமையல்காரர்கள் மீன் வாங்க வரும் சந்தையாக இருந்தது, பிறகு குச்சியில் செருகிய நண்டுக்காலைச் சுற்றுலாப் பயணிக்கு நல்ல விலைக்கு விற்கும் இடமாகப் பாதி மாறிவிட்டது. நான் சொன்ன பாட்டியை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம்.

துணி தேடுகிறவர்கள் செம்பாவுக்குப் போகலாம். பழைய பெருவணிகர்களின் பேட்டை அது. மேம்பாலச் சாலைக்கு இடம் விட்டுக்கொடுத்த மொத்த வியாபாரிகளுக்காக, அந்தப் பாலத்துக்கு அடியிலேயே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பத்துக் கட்டடங்களை 1970-ல் கட்டிக் கொடுத்தார்கள். தலைக்கு மேல் லாரி ஓடும், கீழே திரைச்சீலையும் கோட்டுத் துணியும் விற்பனையாகும். மின்னணுச் சாமானுக்கும் அனிமே பொம்மைக்கும் நிப்போன்பாஷி, பழைய ஜீன்ஸுக்கு அமெரிக்கமுரா. கொரிய ஊறுகாய்க்கும் கொரியப் பட்டு உடைக்கும் சுருஹாஷி. போருக்குப் பின் கள்ளச் சந்தையாகத் தொடங்கிய இடம், இன்றும் வழி தவறாமல் உள்ளே போய் வருவது கஷ்டம்.

சைவர்கள் கேட்பீர்கள்: எங்களுக்கு என்ன வாங்க? டாக்கோயாக்கியில் ஆக்டோபஸ், கடைத்தெருவின் உருளைக்கிழங்கு கட்லெட்டில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, சூப் என்றால் மீன் சீவல் போட்டுக் காய்ச்சியது. ஆனால் கோம்பு என்ற கடற்பாசி இருக்கிறது. அது விளைவது தூர வடக்கில், ஹொக்கைடோவில். எடோ காலத்துக் கப்பல்கள் ஜப்பான் கடலைச் சுற்றிக்கொண்டு அதை ஒசாகாவுக்குக் கொண்டுவந்து இறக்கின. பக்குவம் செய்யும் கை ஒசாகாவிலும் சக்காயிலும் இருந்தது. வினிகரில் ஊறிய கோம்பின் ஒரு முனையைக் காலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கைக் கத்தியால் சீவுவார்கள். கத்தி விளிம்பை வேண்டுமென்றே சற்று வளைத்து வைத்திருப்பார்கள். வருகிற சீவல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிசாக இருக்கும். சூடான சோற்றின்மேல் போட்டால் கரைந்துபோகும். தென்ஜின்பாஷி-சுஜியிலும் மற்றப் பழைய தெருக்களிலும் கோம்புக் கடைகள் உண்டு, எடையும் இல்லை, கெட்டும் போகாது.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் கல்லாவில் உள்ள சிறு தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலையிலிருந்து காசு, எனவே துணிப்பை எடுத்துப் போங்கள். விற்பனை வரி பத்து சதவீதம், உணவுப் பொருளுக்கு எட்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் 2026 நவம்பர் 1 முதல் முறையே வேறு: கடையில் வரியோடு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, புறப்படும்போது சுங்கச் சரிபார்ப்புக்குப் பிறகு வரியைத் திரும்பப் பெற வேண்டும். ஆக, ரசீதையும் பொருளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். டோகுயாசுஜியில் பெயர் செதுக்கி வாங்கிய கத்தி மட்டும் கைப்பையில் இருக்கவே கூடாது. பெரிய பெட்டியில் வைத்துக் கட்டி, விமானத்தில் ஏற்ற ஒப்படைத்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.