விதைநெல்லுக்கு விலை பேசாதீர்கள்

(ஸ்காபரோ, 2025 தைப்பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ், வட அமெரிக்க லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணம் வெல்லக் கைகொடுப்பது அனுபவமா, இளமையா? ‘இளமையே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே, என் அணியினரே, எதிரே அனுபவத்தோடு அமர்ந்திருப்பவர்களே, அவையோரே, வணக்கம். மணி நடுவர் கையில் இருக்கிறது, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணை இப்போதுதான் ஒரு போடு போட்டுவிட்டுப் போய் அமர்ந்தார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்து வைத்திருக்கிறேன். அவர் சொன்னது இதுதான்: “லீஃப்ஸின் இளசுகள் மின்டன், கவன் என்று இவர்கள் தூக்கிப் பிடிப்பதெல்லாம் வெறும் நாற்று. நாற்றை அவித்துப் பொங்க முடியுமா? பொங்கலுக்கு அரிசி வேண்டும்.”

சரி அண்ணை, அரிசி வேண்டும். எதைக் கொடுத்து வாங்கச் சொல்கிறீர்கள்? மின்டனைக் கொடு, கவனைக் கொடு, வரப்போகிற டிராஃப்டுகளில், அதாவது இளம் வீரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கிற வருடாந்தத் தேர்வில், முதற்சுற்றுத் தெரிவுகளையும் கொடு. பதிலுக்கு முப்பதைத் தாண்டிய ஒருவரை வசந்தகாலக் கிண்ணப் போட்டிகள் வரைக்கும் கூட்டி வா. நடுவர் அவர்களே, விதைநெல்லைக் கொடுத்து ஒருநேரப் பொங்கலுக்கு அரிசி வாங்கச் சொல்கிறார்! இவர் பரம்பரைக் கமக்காரராம். இந்த யோசனையை ஊரில் தகப்பனிடம் சொல்லியிருந்தால் வேலியில் ஒரு பூவரசங்கம்பு மிஞ்சியிருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், லீஃப்ஸுக்கு என்ன குறை என்று இவரே சொன்னார். மாறி மாறி இறங்குகிற தாக்குதல் வரிசைகளில் மூன்றாவதுக்கு ஒரு நல்ல சென்டர், நடுவில் நின்று ஆடுகிறவர், இல்லையாம். அதற்காக யாரை விற்கச் சொல்கிறார்? மின்டனை. மின்டன் என்ன விளையாடுகிறார் அண்ணை? சென்டர்! 20 வயது, நவம்பரில் கீழணியிலிருந்து மேலே கூப்பிட்டதும் வேகஸ் அணிக்கு எதிராகத் தன் முதல் கோலை அடித்த பெடியன்.

பருவத்தில் பாதி முடிந்துவிட்டது. அணித்தலைவர் மேத்யூஸ் காயத்தால் நவம்பரிலும் வெளியே, டிசம்பரிலும் வெளியே. வலையைக் காக்கிற கோலி ஸ்டோலார்ஸுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. இவ்வளவுக்கும் அணி லீக்கின் அட்லான்டிக் பிரிவில் முன்னுக்கு நிற்கிறது. மார்னர் சுமக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. டானெவ் 35 வயதில் உடம்பைக் குறுக்கே போட்டு, பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு ‘பக்’கைத் தடுக்கிறார், அவருக்கு என் கும்பிடு. ஆனால் வலைக்கு முன்னால் போய் நின்று முதுகில் தடியடி வாங்குகிறவர் 22 வயது நைஸ். 2021 டிராஃப்டில் 57ஆவது ஆளாக எடுத்த பிள்ளை. இவரையும் விற்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஸ்டோலார்ஸ் இல்லாத வலையைக் காக்கிற வோல்? 2016இல் மூன்றாம் சுற்றில் எடுத்து நாமே வளர்த்த பிள்ளை.

விற்றால் என்ன ஆகும்? ஒரு கதை சொல்கிறேன். உங்களில் சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் பக்கத்திலிருப்பவருக்கு முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

2005 டிராஃப்டில் லீஃப்ஸ் பின்லாந்திலிருந்து ஒரு கோலியை எடுத்தது. முதற்சுற்று, 21ஆம் இடம். பெயர் டூக்கா ராஸ்க். அப்போதும் அண்ணையைப் போல ஒருவர் அலுவலகத்தில் இருந்திருப்பார் போல. “இந்தப் பெடியன் எப்போது வளர்ந்து எப்போது வலையில் நிற்கிறது? அனுபவசாலியைக் கொண்டு வா” என்று சொல்லியிருப்பார். 2006இல் ராஸ்க்கைப் பொஸ்டனுக்குக் கொடுத்து, ஆண்ட்ரூ ரேக்ராஃப்டை வாங்கினார்கள். ரேக்ராஃப்ட் 2004இல் சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கியவர். அனுபவம்! இரண்டு பருவம் இங்கே விளையாடினார், இரண்டிலும் லீஃப்ஸ் கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுகளின் பக்கமே போகவில்லை. 2008இல் மிச்ச ஒப்பந்தத்துக்கும் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முடிந்ததா? எங்கே முடிந்தது!

2013 மே, பிளேஓஃப். ஏழு ஆட்டத் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம், எதிரே பொஸ்டன். மூன்றாவது, கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது, 4–1 என்று முன்னுக்கு நிற்கிறோம். இன்னும் 11 நிமிடம்கூட இல்லை. ஸ்காபரோவில் காரை வெளியே எடுத்து ஹோர்ன் அடிக்கத் தயாராக நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பொஸ்டன் ஒன்று போட்டது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு போட்டது. மேலதிக நேரத்தில் பெர்ஜரான் ஐந்தாவதையும் போட்டார். எதிர்வலையில் நின்றது யார்? ராஸ்க்! “அன்றைக்கு ராஸ்க் நாலு கோல் விட்டாரே” என்று அண்ணை முணுமுணுக்கிறார். விட்டார் அண்ணை, நாலு விட்டார். ஐந்தாவதை விட்டாரா?

2018, மறுபடி ஏழாவது ஆட்டம், மறுபடி பொஸ்டன், 7–4. வலையில் யார்? ஆ, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். 2019, மறுபடி ஏழாவது ஆட்டம், 5–1. வலையில்? அண்ணை, நீங்களும் சொல்லலாம், பரவாயில்லை. ராஸ்க்! நாம் விற்ற நெல்லைப் பொஸ்டன்காரன் விதைத்து, மூன்று தரம் நம் வாசலிலேயே பொங்கியிருக்கிறான்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நடுவர் அவர்களே, மணியைக் கீழே வையுங்கள். நம்மை அடித்த அதே 2019இல் பொஸ்டன் இறுதிக்குப் போனது. எதிரே செயின்ட் லூயிஸ். ஜனவரி 3ஆம் திகதி 31 அணிகளில் கடைசி இடத்தில் கிடந்த அணி! அதன் பயிற்சியாளர் கிரெய்க் பெரூபே. யார்? இன்றைக்கு லீஃப்ஸின் பயிற்சியாளர். பருவத்தின் நடுவில் அவர் என்ன செய்தார்? அனுபவக் கோலிக்கு ஆள் அனுப்பினாரா? இல்லை. கீழ் லீக்கில் கிடந்த பின்னிங்டனை வலையில் நிற்க வைத்தார். முதல் தொடக்க ஆட்டத்திலேயே ஒரு கோலும் விடவில்லை. அந்தப் பிள்ளை எந்த ஊர்? ரிச்மண்ட் ஹில்! யங் வீதியால் மேலே போனால் வருகிற ஊர். முந்தின வருடம் அவரை இரவலாக வாங்கி விளையாட வைத்தது பொஸ்டனின் கீழணிதான். ஏழாவது ஆட்டம், பொஸ்டன் மண்ணில், ராஸ்க்குக்கு எதிராக, 4–1. கிண்ணம்!

எதிரணி 1967ஐ இழுத்தது. லீஃப்ஸின் கடைசிக் கிண்ணத்தை வென்றது கிழவர் அணியாம். உண்மைதான், கோலி ஜோனி பவருக்கு 42 வயது. நாம் காலையில் குடிக்கிற கோப்பிக்குப் பெயர் கொடுத்த டிம் ஹோர்ட்டன்கூட அந்த அணியில் இருந்தார், 37 வயது. ஆனால் மொன்றியலை மடக்கிய அந்த ஆறாவது ஆட்டத்தில் முதல் கோல் யாருடையது? ரான் எல்லிஸ், 22 வயது, ரொறன்ரோவின் சொந்த இளையோர் அணியில் வளர்ந்தவர். சரி, அந்தக் கிண்ணத்தைக் கண்ணால் கண்டவர்கள் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. நாம் வந்து சேருவதற்கு முன்பே அது முடிந்துபோன கதை.

மணி அடிக்கப் போகிறார். ஒன்றே ஒன்று.

இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் விடிய ஐந்து மணிக்குப் பிள்ளையை அரீனாவுக்கு ஏற்றிப் போகிறீர்கள்? இரவு வேலை முடித்து, கண் எரிய, விறைத்த விரலால் அவனுடைய ஸ்கேட் நாடாவை இழுத்துக் கட்டுகிறீர்களே, அவனுக்கு அனுபவம் இருக்கிறதா என்று கேட்டா கட்டுகிறீர்கள்?

நம்மை இங்கே அனுப்ப அம்மா தாலிக்கொடியை விற்றார். அப்பா காணியை ஈடு வைத்தார். கவனுக்கு இப்போது 19 வயது. அண்ணை, 19 வயதில் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கினீர்களே, ஒரு கைப்பையோடு, பனிச்சப்பாத்துகூட இல்லாமல், உங்களுக்கு என்ன அனுபவம் இருந்தது? யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதர் “இந்தப் பெடியன் செய்வான்” என்று சமையலறைக்குள் விட்டார். அவர் மட்டும் “எனக்கு அனுபவசாலி வேண்டும்” என்று சொல்லியிருந்தால்?

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். போதும், அவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, மார்ச் 7, பிற்பகல் மூன்று மணிக்கு, அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்கிற ட்ரேட் சந்தை மூடுகிறது. நம் தீர்ப்பு லீஃப்ஸ் மேலாளர் ட்ரெலிவிங் காதுக்குப் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் சத்தமாகவே வாசியுங்கள். நன்றி, வணக்கம்.