மேசை ஆண்பால், சிறுமி ஒன்றன்பால்

(கொழிஞ்சாம்பாறையில் வாசகசாலை ஆண்டுவிழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே,

ஒரு நாடு தன் மொழியையும் பண்பாட்டையும் அயல்நாட்டாருக்குக் கற்பிப்பதற்கென்றே நிறுவனம் அமைப்பது புதிய வழக்கமன்று. பிரெஞ்சுக்காரர்கள் 1883-இலேயே அலியான்ஸ் பிரான்சேஸைத் தொடங்கினார்கள்; பிரிட்டிஷ் கவுன்சில் 1934-இல் வந்தது; நம் நாட்டில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950-இல் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தை நிறுவினார். இவற்றுள் ஜெர்மனியின் கதே நிறுவனத்தைப் பற்றி மட்டுமே இன்று பேசப்போகிறேன். நர்சிங் முடித்து ஜெர்மனிக்குப் போகக் காத்திருக்கும் பெண்பிள்ளை உள்ள வீடுகளில், ஜெர்மன் மொழித் தேர்வில் 'பி1 ஆயிற்றா, பி2 ஆயிற்றா' என்ற விசாரிப்பு, 'மழை பெய்ததா' என்ற விசாரிப்பைப் போல ஆகிவிட்டது அல்லவா?

போரில் தோற்று, உலகத்தின் வெறுப்புக்கு ஆளாகி நின்ற நாடு அது. 1951-இல் இந்த நிறுவனம் அமைந்தபோது முதலில் கையில் எடுத்த வேலை, கலைவிழா நடத்துவதன்று. பிற நாடுகளில் ஜெர்மன் கற்பிக்கும் ஆசிரியர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுப்பது. மறு ஆண்டே ஏதென்ஸ் நகரில் முதல் வெளிநாட்டுக் கிளை திறந்தது. இந்தியாவில் அதன் கிளைகளுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். ரிக் வேதத்தைப் பதிப்பித்த அந்த அறிஞர் ஒருநாளும் இந்தியாவில் கால் வைத்ததில்லை என்பது வேறு கதை.

இந்த நிறுவனம் நடத்தும் மொழித் தேர்வில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். பி1, பி2 படிகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வாங்க வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். யார் பிள்ளை, எந்த ஊர் என்று அந்தத் தாள் கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண், 'எங்கள் சான்றிதழே போதும்' என்று சொன்ன ஒரு பயிற்சி மையத்தை நம்பிப் பணம் கட்டினாள். விசாவுக்குப் போன இடத்தில் அந்தக் காகிதத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் பேத்தி பாலக்காட்டு பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவாள். ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால். 'மெட்ஷென்' என்றால் சிறுமி; அந்தச் சொல்லோ ஒன்றன்பால்! குறுமைப் பொருள் தரும் 'ஷென்' என்ற விகுதி சேர்ந்த சொல்லெல்லாம் அந்தப் பாலில்தான் விழும் என்பது அவர்கள் விதி. பகுத்தறிவை வைத்துத் திணை பிரித்த தொல்காப்பியர் கேட்டால் சிரித்திருப்பார்.

ஆனால் வேறிடங்களில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. மலையாளத்தில் ஞான் வருன்னு, நீ வருன்னு, அவன் வருன்னு என்று வினை மாறுவதில்லை. தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறான். ஜெர்மனிலும் அப்படித்தான்: இஷ் கொம்ம, டூ கொம்ஸ்ட், எர் கொம்ட். 'ஏனென்றால்' என்ற பொருளில் 'வைல்' என்று தொடங்கினால் வினைச்சொல் தொடரின் கடைசிக்குப் போய்விடுகிறது. ஆங்கிலம் வழியாகப் படிக்கும் பிள்ளை அதை விதியாக உருப்போடுகிறது. தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு வினையைக் கடைசியில் வைப்பது பழகிய பாதை. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கே டூ, ஸீ.

இதையெல்லாம் என் பேத்திக்குத் தமிழ் இலக்கணத்தை வைத்துத்தான் விளக்க முயன்றேன். விகுதி என்றால் என்ன தாத்தா என்று கேட்டாள். எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கம் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமுமாக வளர்ந்த பிள்ளை; தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து 2001-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் எல்லையிலுள்ள வாளையாறு தாண்டியும் திறக்கும். சனிக்கிழமை மாலையில் இந்த வாசகசாலையின் கணினியில் அவற்றை நடத்த ஓர் ஆசிரியர் வேண்டும். நிர்வாகிகளிடம் நான் கேட்பது அவ்வளவே.

பேத்தி பி2-இல் மூன்று பகுதி தேறிவிட்டாள். எழுதுதலில் 57. அதை மட்டும் திரும்ப எழுதப் போகிறாள்.