நூலைப் போல சேலை

(ஏற்காட்டில் பெண்கள் ஐக்கிய சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, ஆயரம்மா அவர்களே, பள்ளியில் ஆயிரம் வேலை இருந்தும் நம் அழைப்பைத் தட்டாமல் வந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களே, குருசேகரச் செயலர் ஐயா அவர்களே, பொருளாளர் ஐயா அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கிளை நூலகத்திலிருந்து வந்திருக்கும் நூலகர் தம்பி அவர்களே, காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சேலத்திலிருந்து ஏறி வந்திருக்கும் சகோதரிகளே, எஸ்டேட்டில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் மலைக்காட்டுத் தாய்மார்களே, உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

ஆயரம்மா அவர்கள் என்னை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார்கள். முழங்கால் வலியைச் சொல்லி இரண்டு முறை தப்பித்துக்கொண்டேன். மூன்றாம் முறை, "அக்கா, நீங்கள் பிரசவம் பார்த்த பிள்ளைகளே இப்போது சங்கத்தில் உறுப்பினர்கள்" என்றார்கள். அதற்குமேல் மறுக்க முடியவில்லை. அவர்களுக்கு நன்றி. இந்த மண்டபத்தைக் கழுவித் துடைத்து, சாமந்தி மாலை கட்டி, பின்கட்டில் இந்நேரம் சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. அவர்கள் காதிலும் விழவேண்டும் என்பதால்தான் ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன்.

"கிறிஸ்தவத் தாயும் வாசிப்பும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். விசுவாசத்துக்காக வாசிப்பது, குடும்பத்துக்காக வாசிப்பது, ஆரோக்கியத்துக்காக வாசிப்பது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் அம்மாப்பேட்டையில் ஒரு நெசவாளியின் மகள். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்ற பழமொழியை நான் பள்ளியில் கற்கவில்லை, தறிக்குழியின் ஓரத்தில் கற்றேன். நூலில் ஒரு முடிச்சு இருந்தால் அது சேலையில் எங்கே வரும் என்று அப்பா பாவு ஓடும்போதே சொல்லிவிடுவார். அம்மா ஊடைநூலைத் தாராகச் சுற்றுவார். ராட்டைக்குப் பக்கத்தில் ஒரு மணைக்கட்டை, அதன்மேல் விரித்த வேதாகமம். வலது கை ராட்டையைச் சுற்றும், கண் வசனத்தில் ஓடும், பக்கம் முடிந்தால் நான் திருப்பிக் கொடுக்கவேண்டும். என் முதல் வேலை அதுதான். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில், "தன் கைகளை இராட்டினத்தில் வைக்கிறாள், அவள் விரல்கள் கதிரைப் பிடிக்கும்" என்று வருகிற வசனத்தை எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அந்த அதிகாரத்தைப் பெண்களின் ஞாயிறு தவறாமல் வாசிக்கிறோம். குணசாலியான ஸ்திரீயின் விலை முத்துக்களிலும் உயர்ந்தது என்று பிரசங்கம் கேட்கிறோம். முதல் வசனத்தை மட்டும் யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை. லேமுவேல் ராஜாவுக்கு "அவன் தாய் அவனுக்குப் போதித்த உபதேசமாவது" என்றுதான் அது தொடங்குகிறது. சகோதரிகளே, அது ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்! அப்போஸ்தலன் பவுலின் சீடன் தீமோத்தேயுவின் கதையும் அதுதான். பவுல் அவனுக்கு எழுதும்போது, அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். பரிசுத்த வேத எழுத்துக்களை அவன் சிறுவயது முதல் அறிந்தவன் என்கிறார். எழுத்து என்றே வசனத்தில் வருகிறது, கவனியுங்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

அந்த எழுத்து நம் கைக்கு வந்த வரலாறும் எளிதானதல்ல. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். நம் ஊர்ச் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. இந்தச் சேலத்துக்கு லண்டன் மிஷன் வந்தது 1827-ல். நம் பாட்டிமார் வேதத்தை முதலில் காதால் கேட்டார்கள், பிறகுதான் கண்ணால் வாசித்தார்கள். வீடு வீடாக வந்து வாசித்துக் காட்டிய பைபிள் அம்மாவின் மடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவர் என் அம்மா. அவருக்குப் பள்ளிக்கூடம் என்று வேறு ஒன்று இருந்ததில்லை.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1991-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் இந்த மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். மழை என்றால் உங்களுக்குத் தெரியும், பகல் இரண்டு மணிக்கே விளக்கு ஏற்றவேண்டிய மூடுபனி. ஒரு காப்பித் தோட்டத்தின் கோடியில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ஐந்தாறு வீடுகள் கொண்ட லைன். அங்கே ஒரு வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தகவல் எனக்கு மறுநாள் காலையில்தான் வந்தது. குடையும் பையுமாக ஓடினேன். அட்டைக்கடியில் இரண்டு காலும் ரத்தம். வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே போனேன். எட்டு மாதக் குழந்தை ஒரு ராத்திரியில் எப்படி வற்றிப்போகும் என்பதை அதற்கு முன்பு நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

போய்ப் பார்க்கிறேன், குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அழுகிற கண்ணில் கண்ணீர் வருகிறது! செவிலியர்களாக இருந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். உடம்பில் நீர் வற்றிய குழந்தை அழுதால் கண்ணீர் வராது. நான் அந்த மண்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வயிற்றுப்போக்கு நிற்கும்வரை சொட்டுத் தண்ணீர் கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள், அவரைக் குறைசொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அம்மா, நான் முந்தின மாதம் கொடுத்துப் போன ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்து, முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டியிருக்கிறார். அப்படிக் கொடுத்திருந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தே வந்திருக்கும். அந்தத் தாய்க்கு வயது இருபதோ இருபத்தொன்றோ. "நில்லுங்கள் அக்கா, இதில் என்னவோ எழுதியிருக்கிறது" என்று சொல்லி, இன்னொரு பொட்டலத்தைச் சிம்னி விளக்கருகே பிடித்து எழுத்துக் கூட்டியிருக்கிறாள். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும் என்று இருந்திருக்கிறது. லிட்டருக்கு எங்கே போவாள்? வீட்டில் இருந்தது அரிசி அளக்கும் படி. அடுக்குப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய சர்பத் பாட்டில் கிடந்திருக்கிறது. அதன் காகிதத்தில் 750 என்று போட்டிருந்ததை வாசித்திருக்கிறாள். ஒரு பாட்டில் நிறைய, அதற்குமேல் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். சகோதரிகளே, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன பெண் அந்த ராத்திரியில் போட்ட கணக்கு இது! பிறகு விடியும்வரை கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், நடுநடுவே தாய்ப்பாலும் கொடுத்தபடி. "இரவிலே அவள் விளக்கு அணையாதிருக்கும்" என்று அதே 31-ஆம் அதிகாரத்தில் இருக்கிறதல்லவா, அதை நான் அந்த வீட்டில்தான் கண்டேன்.

"வாசிக்க எங்கே அம்மா படித்தாய்?" என்று கேட்டேன். ஞாயிறு பள்ளியில் 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்களாம். கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்பது வாயில் இருந்தது. ஆலயத்தில் புத்தகத்தைப் பார்க்கும்போது, வாயில் இருக்கும் சொல் எது, தாளில் இருக்கும் சொல் எது என்று விரலால் பொருத்திப் பொருத்தித் தானாகவே படித்திருக்கிறாள். சங்கீதத்தில் கற்ற எழுத்து, பொட்டலத்தை வாசித்தது. விசுவாசத்துக்கு ஒரு வாசிப்பு, ஆரோக்கியத்துக்கு ஒரு வாசிப்பு என்று நான் தலைப்பைப் பிரித்துச் சொன்னேனே, அவள் வீட்டில் அப்படிப் பிரிவினை ஏதும் இல்லை.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைத்தான் பீப்பாய்களில் கரைத்து வைத்தார். ஆள் போதாததால் நோயாளிகளின் உறவினர்களே ஊட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். பெரிய மருத்துவம் என்று நாம் நினைப்பது பலசமயம் ஒரு தாயின் கையில் கரண்டியாக இருக்கிறது.

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லி, சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் நம் நடுவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இரண்டாம் ராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். சாகும் நிலையில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதே இடத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். ஜெபமும் பற்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பாதி வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

தானியேல் பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கேட்டு வாங்கி உண்டதை ஞாயிறு பள்ளியில் கதையாகச் சொல்கிறோம். சொல்லிவிட்டு, வெளியே வரும் பிள்ளையின் கையில் பொரித்த பாக்கெட்டைக் கொடுக்கிறோம். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசியுங்கள் அம்மா. உப்பு எவ்வளவு என்று அங்கே இருக்கிறது. வளர்ந்தவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் மலையில் விளைகிற சாமைக்கும் பலாவுக்கும் ஆரஞ்சுக்கும் லேபிள் கிடையாது, பயமும் கிடையாது.

காப்பி விளைகிற மலையில் நின்று காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கோபிக்கக்கூடாது. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்குவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். காப்பியும் தேநீரும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நெல்லிக்காயோ ஆரஞ்சோ சேர்த்துக்கொண்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

வாட்ஸ்அப்பில் வருகிற வைத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். "ஆமென்" என்று முடிவதனால் எல்லாமே உண்மையாகிவிடாது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காகவே அவர்களை நற்குணசாலிகள் என்று வேதம் சொல்கிறது. பவுலையே ஆராயலாம் என்றால், பெயர் தெரியாதவர் அனுப்பிய கஷாயத்தை ஆராயக்கூடாதா?

குடும்பத்துக்கான வாசிப்பு என்று இரண்டாவது செய்தி ஒன்று வைத்திருந்தேன். ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இரவில் பத்து நிமிடம் தொலைக்காட்சியை அணைத்து, பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், அப்பாவும் உட்காரட்டும் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். நான் இந்த மலை ஏறி வந்ததன் காரணத்தை இனியாவது சொல்லியாகவேண்டும்.

தாய்மார்கள் வாசிப்பதில்லை என்கிறார்கள். எங்கே இருக்கிறது அவர்களுக்குப் புத்தகம்? சமவெளியில் ஒரு ஆலயம், பெயர் வேண்டாம். பெரியவர்கள் அன்போடு கொடுத்த புத்தகங்கள் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய இருந்தன. பூட்டியிருந்தது. சாவி ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கியது. முதல் வாரம் கேட்டோம், அவர் வெளியூர். அடுத்து, பட்டியல் எடுக்கவேண்டும் என்றார்கள். பிறகு, பெண்கள் கொண்டுபோனால் திரும்பி வராது என்றார்கள். ஒரு வருஷம் கழித்துத் திறந்தபோது கீழ்த்தட்டு முழுவதும் கரையான். குழந்தை வளர்ப்பு நூல், சமையல் நூல், பெரிய எழுத்து வேதாகமம் இரண்டு, எல்லாம் மண்ணாக உதிர்ந்தன. நான் அந்த மண்ணை முறத்தில் அள்ளினேன். அள்ளும்போது என் அப்பாவின் தறிதான் நினைவுக்கு வந்தது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறோம். நூலையே பூட்டி வைத்துக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுச் சேலைக்கு எங்கே போவது?

ஆகவே செயலர் ஐயா, பொருளாளர் ஐயா, உங்கள் இருவரையும் பார்த்தே கேட்கிறேன். இந்த ஆலயத்தில் ஒரு அலமாரி வேண்டும். சாவி பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் இருக்கவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வாரத்தில் ஒரு நாள் எஸ்டேட் வேலை முடிகிற நேரத்திலும் அது திறக்கவேண்டும். கண் மங்கிய பாட்டிகளுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம், எழுத்துத் தெரியாத அம்மாக்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஒரு ஆள். அந்த ஆளாக நான் மாதம் இரண்டு முறை வருகிறேன், முழங்கால் வலியோடே வருகிறேன். நம் சபைப் பெண்களுக்கு மட்டும் என்று எழுதிப் போட்டுவிடாதீர்கள். மலையில் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிற தாயானாலும் அவள் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு வரும்.

ஊராட்சித் தலைவர் அம்மா, நூலகர் தம்பி, உங்களிடமும் ஒன்று. 1948-லேயே நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கட்டுகிற பெண் உள்ளே நுழைகிற நேரத்தில் கதவு திறந்திருக்கவேண்டாமா? மேலிடத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுங்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மனுவில் அவர்களும் கையெழுத்துப் போடட்டும்.

இந்த மஞ்சள் பையில் 14 புத்தகங்கள் இருக்கின்றன. என் அம்மாவின் வேதாகமமும் அதில் ஒன்று, ஓரமெல்லாம் கஞ்சிக் கறை. அலமாரி வரும்வரை பையை ஆயரம்மா அவர்களிடம் ஒப்படைக்கிறேன். பெயர் எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவும் பின்வாசல் மேசையில் இருக்கின்றன. இலை போட்டுவிட்டார்கள் என்று சொல்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள். சேலம் போகிறவர்களுக்குப் பஸ் நாலரை மணிக்கு.